இணைச்சீருக்கு வந்த சாக்லேட்டம்மிணி

கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் கரட்டுப்புதூர் நந்தகோபாலின் தோப்பில் தென்னை காய்த்தது, தென்னைக்கு நடுவே ஊடுபயிராக வைத்த கோகோ காய்த்தது, வேலியோரத்து முருங்கைகூட யாரும் கேட்காமலே காய்த்துத் தொங்கியது, அந்த ஆயிரங்காலத்துப் பயிர் மட்டும் முளைவிடுவதாகவே தெரியவில்லை. ஆள் நல்லவன். பீடி கிடையாது, பிராந்தி கிடையாது, வம்புவழக்கு கிடையாது, முன்தலையில் முடியும் அவ்வளவாகக் கிடையாது. பெண் வீட்டார் வருவார்கள், தோப்பைச் சுற்றிப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், "பையன் என்ன பண்றாப்டிங்க?" என்று கேட்பார்கள், "வெவசாயமுங்க" என்று பதில் வந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவனோடு படித்தவர்களின் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நடுவே ஒரு தேங்காயும் விழுந்தது. நந்தகோபாலுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. சித்தப்பா மகள் சரோஜினிதான் தங்கை. ஒரே களத்தில் விளையாடி, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போய், ஒரே அம்மை நோயில் ஒன்றாகப் படுத்துக் கிடந்தவர்கள். கல்யாணமாகி அடுத்த ஊருக்குப் போன அவள் ஒரு பொங்கலுக்குத் தாய்வீடு வந்திருந்தபோது, அவளுடைய புதுக் காரின் மேல் நந்தகோபாலின் எல்லையோரத் தென்னையிலிருந்து அந்தத் தேங்காய் விழுந்தது. தேங்காய்க்குக் கண் உண்டு, ஆள் பார்த்துத்தான் விழும் என்பார்கள். அன்றைக்கு அது கண்ணை மூடிக்கொண்டு விழுந்துவிட்டது. நந்தகோபால் ஓடிவந்து நசுங்கிய கூரையைத் தடவித் தடவிப் பார்த்தான், அவன் அம்மா சம்பூர்ணம் "மரத்தடீல ஆராச்சும் வண்டிய நிறுத்துவாங்களா" என்று தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொன்னாள், மறுநாள் அவன் தகடு தட்டும் மெக்கானிக் ஒருவனை அனுப்பிவைத்தான், மெக்கானிக் போன வேகத்தில் திரும்பி வந்தான். அன்றோடு போக்குவரத்து நின்றது. ஒரு கார்க் கூரைக்காக உறவை அறுத்துக்கொண்டவள் என்று சரோஜினியை ஊர் பேசியது. ஊருக்கும் அப்போது வேறு வேலை இல்லை.

அப்படி இருக்கையில்தான் கோகிலாவின் ஜாதகம் வந்தது. ஆனைமலை போகிற சாலையில், மலையேறும் சுற்றுலாக்காரர்கள் வளைவுகளில் வாந்தி எடுப்பதற்கு முன்னால் கடைசியாக இறங்கி நிற்கும் இடத்தில் ஒரு சாக்லேட் மியூசியம் இருந்தது. அதில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டி விளக்கம் சொல்லும் வேலை கோகிலாவுக்கு. முப்பது தாண்டியவள். "தட்டத்துல காபி தூக்கீட்டு வந்து நிக்கறதெல்லாம் என்னால ஆகாதுங்கப்பா. பாக்கறவீங்க வேலை எடத்துக்கு வந்து பாக்கட்டும்" என்று அவள் தன் அப்பா மயில்சாமியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், நந்தகோபாலும் சம்பூர்ணமும் தாய்மாமன் தெய்வசிகாமணியும் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, பூ, பழம், மஞ்சள் கிழங்கு சகிதம், சுற்றுலா வந்த ஒரு கல்லூரிக் கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு மியூசியத்துக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே மார்கழி மாதிரிக் குளிர். கோகோக் காயை எப்படி உடைக்கிறார்கள், கொட்டையை வாழை இலை போட்டு மூடி எப்படிப் புளிக்க வைக்கிறார்கள், காயவைத்து வறுத்துத் தோல் நீக்கி, கல்லுரலுக்கு அண்ணன்போல் இருந்த ஓர் இயந்திரத்தில் விடாமல் எப்படி அரைக்கிறார்கள் என்று கோகிலா கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்துகொண்டு சொல்லிப்போக, கல்லூரிப் பிள்ளைகள் சாக்லேட்டைப் பார்த்தார்கள், சம்பூர்ணம் பெண்ணைப் பார்த்தாள். பின்பக்கமாகவே அத்தனை அறையும் நடந்தும் ஓரிடத்தில்கூட அவளுக்குக் கால் தடுக்கவில்லை என்பதைச் சம்பூர்ணம் மனதில் குறித்துக்கொண்டு, பிறகு வாழ்நாள் முழுக்க அதையே மருமகளின் முதல் பெருமையாகச் சொன்னாள். நந்தகோபாலிடம் வந்ததும் கோகிலா ஒரு துண்டு சாக்லேட்டை நீட்டினாள்.

"நான் கொட்டையோட சரிங்க. இது வரைக்கும் தின்னதில்லீங்க" என்றான் அவன்.

"வருசாவருசம் எங்களுக்குக் கொட்டை போடறவீங்க, சாக்லேட்டு தின்னதில்லையா?"

"வண்டி ஏத்தி உட்டதுக்கப்பறம் அது என்னாகுதுன்னு நமக்கென்னங்க தெரியும்?"

கோகிலா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே பாதிக் கல்யாணம் முடிந்தது. மீதிப் பாதியை மயில்சாமி கேட்டார்.

கேட்ட இடம் மியூசியத்தின் கடைசி அறை. அங்கே ஆளுயரத்தில் சாக்லேட்டால் செய்த ஒரு பெண் சிலை, கண்டாங்கிச் சேலைக் கட்டோடு, இடுப்பில் ஒரு கூடை கோகோக் காயோடு நின்றது. வருகிறவர்கள் கும்பிட ஆரம்பித்துவிட்டதால் "இது சாமி அல்ல. குங்குமம் வைக்க வேண்டாம்" என்று பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. அந்தச் சிலைக்கு முன்னால் நின்று மயில்சாமி தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒன்னும் பெருசா வேண்டாமுங்க. சீரெல்லாம் மொறைப்படி நடக்கோணும், அவ்வளவுதான். இணைச்சீருக்கு மாப்பளைக்கு அக்கா தங்கச்சி ஆருங்க?"

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் நடப்பது இணைச்சீர். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைப்புடவையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவன் சகோதரியும் பிடித்துக்கொண்டு இணையாக நிற்க, சீர் செய்துவைக்கும் பெரியவரான அருமைக்காரர் இருவரையும் வாழ்த்துவார். புதிதாக ஒருத்தி வருவதால் பழையவளின் இடம் போய்விடாது என்று ஊரறியச் சொல்வதற்காகவாம் அது. நந்தகோபாலுக்குப் பெண் அமையும் போலிருந்தபோதெல்லாம் தெய்வசிகாமணி மாமன் வெற்றிலை பாக்கோடு சரோஜினி வீட்டுக்குப் போய் மூன்று முறை கேட்டாயிற்று, மூன்று முறையும் "முடியாதுங்க மாமா" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். பங்காளி வகையில் வேறு பெண்களைக் கேட்டால், "சரோஜினி இருக்கற எடத்துல நான் போயி நின்னுட்டு, அவ வாயில உழுந்து நான் எந்திரிக்கறதா?" என்று ஆளுக்கொரு கும்பிடு போட்டார்கள். ஆகவே மயில்சாமியின் கேள்விக்கு மாமன் விட்டத்தைப் பார்த்தார், சம்பூர்ணம் குங்குமப் பலகையைப் படித்தாள், படிக்கத் தெரியாதவள் அவள். நந்தகோபாலுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. இந்தப் பெண்ணும் போய்விட்டால் இனி ஒருத்தி வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"நான் இருக்கறனுங்க" என்றது சாக்லேட் சிலை.

மயில்சாமி மரியாதை தெரிந்தவர். தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, "நீங்க எந்த ஊருங்க?" என்று விசாரித்தார்.

"கரட்டுப்புதூருங்க. இவீக தோப்புல காய்ச்சவதானுங்க நானு. அண்ணன் ஊத்துன தண்ணீல வந்தவ."

"ஆமாங்கப்பா, போன பருவத்துக் கொட்டை முழுக்க அவீக தோப்புலருந்து வந்ததுதான்" என்று கோகிலா, வேலைநேரக் குரலிலேயே உறுதி செய்தாள்.

"அப்ப ஒன்னுக்குள்ள ஒன்னுதான். கூடப்பொறந்தாத்தானா தங்கச்சி?" என்று மயில்சாமி தட்டை மாற்றிக்கொண்டார். அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிட்டதால் எல்லாரும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி நின்று வெற்றிலை போட்டார்கள்.

மியூசியத்தின் முதலாளி தாமோதரன் வெளிநாடு போய் சாக்லேட் படித்துவந்தவர், இருந்தாலும் மனுசர். சொந்த அண்ணன் கல்யாணம் என்றால் யாரைத்தான் போகாதே என்று சொல்ல முடியும்? "வெயில்ல மட்டும் உட்றாதீங்க" என்றார். முகூர்த்தம் வைகாசியில் இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே பால் வண்டியில் ஏறி, நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்து எங்கள் ஊர் வந்து சேர்ந்தவளை, ஊரிலேயே குளிர்ச்சியான ஒரே இடமான பால் சொசைட்டியின் குளிரூட்டும் அறையில் கேன்களுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பேர் என்னவென்று கேட்டதற்கு இன்னும் வைக்கவில்லை என்றாள். சாக்லேட்டம்மிணி என்று ஊரே வைத்துக்கொண்டது. முறை சொல்லி அழைப்பதில்தான் கொஞ்சம் சிக்கல் வந்தது, ஏனென்றால் எங்கள் ஊரில் மனிதர் எதனால் ஆனவர் என்பது பெரிய விஷயமில்லை, எந்தக் குலத்துக் கூட்டம் என்பதுதான் விஷயம். பெரியவர்கள் கூடிப் பேசி, எவர் தோப்பில் காய்த்ததோ அவர் வீட்டுப் பெண் என்று தீர்த்துவைத்தார்கள். அதன்படி அவள் பாதி ஊருக்குத் தங்கையும் கால் ஊருக்கு அத்தையும் ஆனாள். மீதிக் கால்வாசி இளவட்டங்களுக்கு முறைப்பெண் ஆகிவிட்டதால், அந்த வாரம் சொசைட்டிக்குப் பால் ஊற்ற அம்மாக்களுக்குப் பதிலாக மகன்களே தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு கேனோடு வந்தார்கள்.

எறும்புகளும் வந்தன. குளிருக்குப் பயந்து உள்ளே வராமல், வாசற்படிக்கு வெளியே சாரைசாரையாக, கல்யாணத்துக்கு முந்தியே வந்துவிட்ட ஒறம்பரை விருந்தாளிகளைப்போல அடுத்த வேளைக்குக் காத்துக்கிடந்தன. பாலில் சாக்லேட் வாசம் ஏறிவிட்டது என்று செயலாளர் பயந்துகொண்டே வண்டியைக் கேரளத்துக்கு அனுப்ப, அதே மாடுகளின் பால் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அங்கிருந்து போன் வந்தது. பெண்கள் தங்கள் கஷ்டங்களைச் சொல்ல அவளிடம் போக ஆரம்பித்தார்கள். மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை, இரண்டுக்கும் நடுவே வாயைத் திறக்காத ஆண்பிள்ளையின் கொடுமை, எல்லாவற்றையும் அவள் தலையசைக்காமல் கேட்டுக்கொண்டாள், தலையசைத்தால் கழுத்தில் விரிசல் விழும். அந்த அறையில் கால் மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது, பல் தந்தியடிக்கும். அதனால் துக்கத்தைச் சுருக்கமாகச் சொல்ல எங்கள் ஊர் அப்போதுதான் கற்றுக்கொண்டது.

நந்தகோபாலும் தினமும் சாயங்காலம் போய்க் கதவோரம் நின்றான். தங்கையிடம் என்ன பேசுவது என்பது பழக்கம் விட்டுப்போயிருந்தது. "குளுரு போதுமா அம்மிணி?" என்பான். "போதுமுங்கண்ணா" என்பாள். அப்புறம் இருவருமாகக் கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அவள் கேட்டாள்.

"எங்களையெல்லாம் மூட்டை கட்டி வண்டி ஏத்துனீங்களே, அப்பறம் என்னாச்சு ஏதாச்சுன்னு ஒரு நாளாச்சும் நெனச்சீங்களாண்ணா?"

அவன் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். "இல்லம்மிணி" என்றான். "நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சுக்குவேன். கேக்கறதுக்கு எனக்கு வராது." அது உண்மைதான். அவனுக்குச் செய்யத் தெரியும், கேட்கத் தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் தைலம் வாங்கி வந்து வைப்பானே ஒழிய, எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

சாக்லேட் சிலை ஒன்று தன் முறையில் நிற்கப்போகிறது என்ற சேதி சரோஜினிக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? பால் வண்டிக்கு முன்னால் போயிருந்தது. ஒரு மத்தியானம் அவள் வந்தாள். குளிர் அறைக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு வந்த ஒரே ஆள் அவள்தான். சண்டை நீளும் என்று திட்டமிட்டே வந்திருந்தாள். கதவைச் சாத்தினாள், ஒரு பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீதானா அது?"

"நாந்தானுங்க."

"என்ர மொறையில நிக்கறதுக்கு உனக்கு ஆரு அதிகாரம் குடுத்தது?"

"எடம் காலியா இருந்துச்சுங்க."

"காலியா இருந்தா? துண்டப் போட்டு எடம் புடிக்க இதென்ன டவுன் பஸ்ஸா?"

"அப்ப நீங்க வந்துருங்க. நான் எந்திரிச்சுக்கறேன்."

"கூப்புடாத எடத்துக்கு வாறதுக்கு நான் என்ன வாசல்ல நிக்கற எறும்பா?"

"மாமன் மூனு தடவ வெத்தல பாக்கோட வந்தாங்கல்லங்க?"

"மாமன் வந்தாரு. மாமனா எனக்கு அண்ணன்? மாமனா என்னையச் சைக்கிள்ல வெச்சுப் பள்ளிக்கோடம் கூட்டீட்டுப் போனாரு?" சரோஜினி கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். "தங்கச்சிய அழைக்கறதுன்னா அண்ணங்காரன் படியேறி வரோணும். அடுத்தவங்க கையில வெத்தலையக் குடுத்து அனுப்பறதுக்கு நான் என்ன பஞ்சாயத்துத் தலைவரா?"

"காரு நசுங்குனதுக்கு இவ்வளவு வருத்தமுங்களா?" என்று கேட்டாள் சாக்லேட்டம்மிணி.

"காரா? எவளுக்கு வேணும் காரு?" என்றாள் சரோஜினி. அப்புறம் அவள் குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு நான் வண்டிக்குள்ள உக்காந்திருந்தேன்."

இந்தச் சேதி அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது, தெரியாத சேதி ஒன்று எங்கள் ஊரில் இருந்ததே பெரிய அதிசயம். "தலைக்கு மேல ஒரு சாண் எடத்துல தகடு வந்து நிக்குது. கையும் காலும் அசைய மாட்டேங்குது. அண்ணன் ஓடியாறது தெரியுது. சரி, வந்துட்டான், இனி ஒன்னுமில்லைன்னு நெனச்சேன். வந்தவன் கூரையத் தடவறான். கறுப்புக் கண்ணாடி, உள்ள ஆளு இருக்கறது தெரிஞ்சிருக்காதுன்னே வெச்சுக்க. நான் அந்தப் பக்கக் கதவு வழியா எறங்கி, வூட்டுக்குள்ளருந்து வந்தவளாட்டம் சுத்தி வந்து முன்னால நின்னேனே, என்ர மொகத்தப் பாத்தாச்சும் கேட்டிருக்கலாமில்ல? கேக்கல. பெரியம்மா என்னடான்னா, வண்டிய அங்க ஆரு நிறுத்துனதுங்கறாங்க. மக்யா நாளு மெக்கானிக்க அனுப்பறான். எனக்கு வலிக்குது, தகட்டத் தட்ட ஆள அனுப்பறான்."

"நீங்களே சொல்லியிருக்கலாமில்லங்க?"

"கேக்காதவங்கிட்டப் போயி என்னத்தச் சொல்றது?"

சாக்லேட்டம்மிணியின் கன்னத்தில் ஒரு சொட்டு வழிந்தது. சாக்லேட் உருகுவதற்கு அந்த அறையில் வழியே இல்லை. செயலாளர் பிறகு தெர்மாமீட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, சொசைட்டியின் பேரில் எந்தத் தவறும் இல்லை என்று சொல்லிவிட்டார். சரோஜினி எழுந்து போகும்போது, "ஆருகிட்டயும் சொல்லிப்போடாத" என்றாள். "நான் எங்கீங்க பேசறேன், செலைதானுங்க" என்றாள் மற்றவள்.

இணைச்சீரை வெயில் தாழ்ந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அருமைக்காரருக்கு அன்றைக்குப் பக்கத்து ஊர்களிலும் கல்யாணங்கள், வைகாசியில் அவருக்கு மூச்சுவிட நேரம் ஏது, எங்களுக்கு உச்சிப்பொழுதில்தான் வர முடிந்தது. ஊரில் இருந்த ஏர்கூலர்களையெல்லாம் பந்தலுக்குத் தூக்கி வந்தோம், மீன்காரர் ஐஸ்கட்டிகளைக் கொண்டுவந்து வாசம் வராமல் மஞ்சள் தெளித்து வைத்தார், ஈரச்சாக்கைச் சுற்றிலும் தொங்கவிட்டோம். எல்லாக் கூலரையும் ஒரே சமயத்தில் போட்டதும் பீஸ் போனது. சீரியல் விளக்கு அணைந்தது, பாட்டு நின்றது, அனல் உள்ளே வந்தது.

சரோஜினியும் வந்திருந்தாள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு பந்தலின் கடைசி வாழைமரத்தோரம் நின்றாள். சும்மா பார்க்க வந்தவள் காசுமாலையும் ஒட்டியாணமும் எதற்குப் போட்டுக்கொண்டு வந்தாள் என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அருமைக்காரர் அழைக்க, சாக்லேட்டம்மிணி எழுந்து வந்து நந்தகோபாலின் பக்கத்தில் நின்றாள். பந்தல் முழுக்க அவள் வாசம் பரவியது. சாம்பாருக்கு அன்று மரியாதையே இல்லாமல் போயிற்று. கூறைப்புடவையின் முனையை வாங்கிப் பிடித்தாள். பட்டில் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்து, முனை நழுவி இறங்கியது.

"அம்மிணி, கெட்டியாப் புடிங்க" என்றார் அருமைக்காரர்.

மறுபடியும் பிடித்தாள். இந்தத் தடவை சுண்டுவிரல் இல்லை. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் விசிற ஆரம்பித்தார்கள். முனை கீழே விழுந்தால் சீர் கெட்டுவிடும், சீர் கெட்டால் மயில்சாமி என்ன செய்வாரோ என்று சம்பூர்ணம் அத்தனை குலதெய்வங்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சாக்லேட்டம்மிணி தலையைத் திருப்பினாள், கழுத்தில் விரிசல் விழுந்தாலும் பரவாயில்லை என்று.

"அண்ணா, என்ர கை நிக்காது. நீங்க போயி அவீகளக் கூட்டீட்டு வாங்க."

"அவ வரமாட்டாம்மிணி. மூனு தடவ—"

"போனது மாமன். நீங்க போங்க. போயி, தேங்கா உழுந்தப்ப வண்டிக்குள்ள ஆரு இருந்தாங்கன்னு கேளுங்க."

நந்தகோபாலுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. புரிந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூறைப்புடவையின் தன் முனையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அது பந்தல் நெடுகப் பின்னாலேயே இழுபட, மறுமுனையை நான்கு விரலால் பிடித்தபடி சாக்லேட்டம்மிணியும் சொட்டுச்சொட்டாகப் பின்தொடர, ஒறம்பரைகள் நாற்காலியை நகர்த்தி வழிவிட, அருமைக்காரர் வாழ்நாளில் பார்க்காத சீரைப் பார்த்துக்கொண்டு நிற்க, மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் கடைசி வாழைமரம் வரைக்கும் நடந்து போய்ச் சரோஜினியின் முன்னால் நின்றான்.

"சரோ, நீ உள்ளயா இருந்தே?"

அவள் வாழைப்பூவைப் பார்த்தாள்.

"அடி பட்டுச்சா அம்மிணி?"

அவ்வளவுதான். இத்தனை வருசம் பூட்டி வைத்திருந்தது உடைந்துவிட்டது. காசுமாலை குலுங்கக் குலுங்க அழுதாள். "இப்பத்தான் கேக்கோணும்னு தோணுச்சா?" என்றாள்.

"எனக்குத் தோணல. அவ சொல்லித்தான் கேக்கறேன்" என்றான், பொய் சொல்லத் தெரியாத மனுசன். "எனக்குக் கேக்கத் தெரியல சரோ. தப்புத்தான். வந்து நில்லு."

"அதான் ஒருத்தி நிக்கறாளே?"

"ரெண்டும் வேணும்" என்றான் நந்தகோபால்.

சம்பூர்ணம் முழங்கால் வலியையும் மறந்து ஓடி வந்து, "என்ர கண்ணு, எனக்கும் தெரியலயே" என்று சரோஜினியின் தலையைத் தடவினாள், தேங்காய் அன்றைக்கு விழவிருந்த அதே இடத்தில். சரோஜினி முகத்தைத் துடைத்துக்கொண்டு, உருகிக்கொண்டிருந்த கையோடு சேர்த்துப் புடவை முனையை இறுகப் பிடித்தாள். ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டு சகோதரிகள் ஒரே முனையில் நிற்கலாமா என்று யாரோ சந்தேகம் கிளப்ப, "கூடுனா நல்லதுதான், கொறைஞ்சாத்தான் தப்பு" என்று அருமைக்காரர் வாழ்த்தி முடித்தார். கறை பட்ட கூறைப்புடவையை மறுநாள் உடுத்திக்கொண்ட கோகிலா, அதைத் துவைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாள். நாத்தனார்களிடம் முதல் நாளே நல்ல பேர் வாங்கத் தெரிந்த பெண் அவள்.

சாக்லேட்டம்மிணியைச் சரோஜினியேதான் அன்று பிற்பகல் தன் காரில், ஏசியை முழுக்க வைத்து, கூரை நசுங்கியபடியே இருந்த அந்தக் காரில், மியூசியத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். வழியில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. இடத்தில் நின்றதும் அவள் பழையபடி சிலையாகிவிட்டாள். விரல்களைச் சரிசெய்கிறேன் என்று வந்த தாமோதரனைக் கோகிலா விடவில்லை. "இவீக எங்க நாத்தனாருங்க, கல்யாணத்துக்கு வந்தப்ப வெரல் போச்சு" என்று அவள் விளக்கம் சொல்லும்போது சுற்றுலாக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஆடி பிறந்தது. கட்டிக்கொடுத்த தங்கையை ஆடிக்கு அண்ணன் போய் அழைக்க வேண்டும். இந்த முறை நந்தகோபால் மாமனை அனுப்பவில்லை. முதலில் சரோஜினி வீட்டுப் படியேறி, வெற்றிலை பாக்கு வைத்து, உடம்பு எப்படி இருக்கிறது, ஒத்தைத் தலைவலி வருகிறதா, மாப்பிள்ளை நல்லா வைத்துக்கொள்கிறாரா என்று பழக்கமில்லாத கேள்விகளாகக் கேட்டு அவளைத் திக்குமுக்காடவைத்தான். அப்புறம் இருவருமாக மியூசியத்துக்குப் போய், வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, கடைசி அறையில் பழமும் புடவையும் வைத்த தட்டோடு நின்றார்கள்.

"அம்மிணி, ஆடிக்கு வூட்டுக்கு வா" என்றான்.

சிலை பேசவில்லை. ஏசி ஓடியது. பின்னால் நின்ற கூட்டம் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தது. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான், தட்டைக் கீழே வைத்தான், "சரி, வரமாட்டா போலிருக்குது" என்று கிளம்பப் பார்த்தான்.

சரோஜினி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரு தடவ கூப்புட்டா ஆருண்ணா வருவாங்க?" என்றாள். "நான் எத்தன வருசம் காத்துட்டு இருந்தேன். இன்னொருக்காக் கூப்புடு."